கட்டையும் உடன்வரும் ஒலியும்

இசைப்பதிவுக்குரிய கட்டுப்பாட்டு விசைப்பலகைகளைத் திறனாய்வோர், அவற்றுடன் வழங்கப்பெறும் மென்பொருள் இசைக்கருவிகளின் எண்ணிக்கையையே பெரிதும் போற்றுகின்றனர். அம்முறை பொருந்தாது என்பது எம் கருத்து. இவ்விசைப்பலகை தானே ஒலிப்பதன்று. எக்கட்டை எத்துணை விரைவில் அழுந்தியது என்பதைக் கணிப்பொறிக்கு உணர்த்துவதே அதன் தொழில். 1983இல் வெளிவந்த மிடி நெறியில், அவ்விரைவு 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாகச் செல்லும்.

ஆர்ட்டூரியா நிறுவனத்தாரின் கீலேப் வரிசையை நோக்குவோம். அதனுடன் வரும் அனலாக் லேப் என்னும் மென்பொருள், பழைய மின்னிசைக் கருவிகளின் ஒலிகளோடு பியானோ ஒலிகளையும் திரட்டித் தருவது. அவற்றுள் ஒன்று, 1970இல் தோன்றிய மினிமூகின் படி. மூலக்கருவியோ விரலின் வன்மை மென்மைகளை அறியாதது. சுரத்தை வளைக்கும் சக்கரமே அதற்கு உயிர். ஆகவே எளிய கட்டையும் அதற்குச் சாலும். பியானோவுக்கு அது சாலாது. மெல்லத் தொடுதலும் ஓங்கி அடித்தலும் வேறுபட்டு ஒலியாவிடின் அது பியானோ ஆவதெங்ஙனம்? அதற்கு வேண்டிய சுத்தியற்பொறி, கீலேப் வரிசையில் 88 கட்டைகளுடைய வகைக்கே உண்டு. 49, 61 கட்டைகளுடையவற்றிற்கு இல்லை. (எடை மிகுதல் வேறு செய்தி.) இவ்வேறுபாட்டை நோக்காது ஒலிகளை ஒரே தொகையாக எண்ணிப் பாராட்டுவார், பியானோ பயிலப் புகும் மாணாக்கனை மினிமூகுக்குரிய கட்டையையே வாங்கச் செய்கின்றனர்.