வலக்கைக் குச்சி எப்போது இறங்கும்?

உறுமி மேளக் குழுக்களை எடை போட நம் ரசிகர்கள் கையில் வைத்திருப்பது ஒரே தராசு: வேகம். முதல் அடியிலேயே கூட்டத்தை ஆட வைத்தவன் கெட்டிக்காரன், நிதானமாகத் தொடங்கியவன் சரக்கில்லாதவன். தைப்பூசம் முடிந்த கையோடு சிரம்பானின் அம்பாங்கான் வட்டாரத்தில் ஓடும் பேச்சும் இதுதான். இந்தக் கணக்கில் ஓர் உறுமிக்காரர் ஆண்டுக்கு ஆண்டு தோற்றுக்கொண்டே வருகிறார். பெயர் வேண்டாம், மேளம் கேட்கிறவர்களுக்கு ஆள் தெரியும். 'சூடு பத்தல', 'கை தளர்ந்துபோச்சு' என்கிறார்கள். நான் நேர் எதிர்க்கட்சி. சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் ஒரு மேளத்தை அடிமுதல் முடிவரை நடத்திப் போகத் தெரிந்தவர் இன்று அவர் ஒருவர்தான்.

அவர் கைகளைப் பாருங்கள். இடக்கையில் வளைந்த குச்சி, அது தோலை அழுத்தித் தேய்க்கிறது. வலக்கையில் மெல்லிய நேர்க்குச்சி, அது அடிப்பதற்கு. அவருடைய ஆட்டம் முழுவதும் ஒரே முடிவில் அடங்கியிருக்கிறது: வலக்கையைத் தோலுக்கு மேலே நிறுத்தி வைப்பது. பம்பை துடிக்கிறது, தப்பு முந்தப் பார்க்கிறது, ஜால்ரா நடையைக் கூட்ட இழுக்கிறது. அவர் அசைவதில்லை. இடக்கை அழுத்தத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார். நடை கூடவில்லை, ஆனால் ஒலி கனத்துக்கொண்டே போகிறது. பிறகு வலக்கை இறங்கும்போது பம்பையும் தப்பும் அதே அடியில் வந்து விழுகின்றன. தொடக்கத்திலிருந்தே உச்சத்தில் அடித்த குழுவுக்கு அந்த இடத்தில் ஏறிப்போக மேலே படியே இருக்காது.

இதே முடிவை உலகத்தின் வேறொரு மூலையில் கிட்டாரில் எடுக்கிறார்கள். சுவீடனின் உப்சாலா, நொர்ஷோப்பிங் போன்ற ஊர்களிலிருந்து வந்த போஸ்ட்-ராக் குழுக்களைக் கேட்டவர்களுக்குப் புரியும். பாட்டு குறைவு அல்லது இல்லவே இல்லை. எட்டு, பத்து நிமிடம் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில்தான் டிரம்ஸ் முழு பலத்தோடு இறங்கும். 1994இல் ஆங்கில விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் 'போஸ்ட்-ராக்' என்ற பெயரைப் பரவலாக்கிய நாளிலிருந்து 'இழுவை' என்ற குற்றச்சாட்டும் கூடவே வருகிறது. ஆனாலும் அவர்களுக்குக் கொடுத்துவைத்தது, ஒலிப்பதிவு. ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் தாங்கும், சின்ன ஒலியைச் சின்னதாகவே விட்டு வைக்கும் பொறியாளரும் இருக்கிறார். நம் மேளமோ நாலைந்து நிமிடத் துண்டாக வெட்டப்பட்டு ஒரே உரப்பில் வெளிவருகிறது. கைப்பேசிக் காணொளி இன்னும் மோசம். சின்ன ஒலியைத் தானாகவே தூக்கி, பெரிய ஒலியைத் தானாகவே அமுக்கிவிடும். தொடக்கமும் உச்சமும் ஒரே கனத்தில் காதில் விழுகின்றன. நம் உறுமிக்காரர் கட்டியது இடிந்துபோய், வெறும் மெதுவான நடை மட்டும் மிஞ்சுகிறது. காணொளி பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் அதைத்தான் கேட்டு எழுதுகிறார்கள்.

'சுவீடனில் காவடியும் இல்லை, சாமியும் இல்லை. இங்கே காவடிக்காரர் நிற்கும்போது மேளம் காத்திருக்கலாமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. காவடி நின்ற இடத்தில் முடிவதில்லை. பத்துமலையில் நடையெல்லாம் நடந்த பிறகும் 272 படிகள் மிச்சம். புறப்பட்ட இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்ட மேளம் பாதி வழியில் காவடிக்காரருக்கு என்ன கொடுக்கும்? இளைஞர்கள் பொறுக்கமாட்டார்கள் என்பது அடுத்த வாதம். பொறுமையைக் குறைத்தது இளைஞர்கள் அல்ல, இடம். பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான் குடியிருப்புகளாகவும் மாறின. தோட்டத்துக் கோயில் திடலில் விடிய விடிய அடித்த மேளம் அடுத்த வீட்டுக்காரர் முகம் பார்த்து அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டியதாயிற்று. நேரம் சுருங்கியதால் வந்த பழக்கத்தை நம் மரபு என்று கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்த தைப்பூசத்துக்குள் நாலு குழுக்களாவது நிதானமாகத் தொடங்கிப் பார்க்கும். பெரும்பாலும் சொதப்பும், ஏனென்றால் நடையைக் காப்பியடிப்பார்கள், நிறுத்தி வைத்த கையைக் கவனித்திருக்க மாட்டார்கள். 15 நிமிட மேளத்தை வெட்டாமல், உரப்பை அமுக்காமல் பதிவு செய்து வெளியிடும் முதல் குழு இந்த விவாதத்தையே திருப்பிப் போடும். அது நம் உறுமிக்காரரின் குழுவாக இருக்கும் என்று நம்புகிறேன். அவர் பக்கத்தில் நின்று பம்பை அடிக்கும் பையன் அந்த வலக்கையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இன்னும் இரண்டு திருவிழாவில் அவன் பம்பையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு உறுமியைத் தோளில் மாட்டுவான்.