தண்ணீர் வரைந்த ஓரம்

2014 ஜூனில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பலருக்கும் எரிச்சல்தான் வந்தது. நாட்டின் தலையாய பந்தயம் நடக்கிறது, மைதானமோ காய்ந்து கிடக்கிறது. இருபுறமும் வெறும் மணல். மணலில் அங்கங்கே கொத்துக் கொத்தாக ஏதோ புல். அதன் காலடியில் பைன் மரத்துச் சருகு. பந்து ஓடும் நடுப்பகுதியிலும் பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தன. தண்ணீர் ஊற்றக்கூட ஆளில்லையா என்று கேலி பேசினார்கள். அந்தப் பழுப்பைக் கொண்டுவருவதற்குத்தான் நிர்வாகம் ஓராண்டு மைதானத்தைக் கிளறிப்போட்டு, கைக்காசையும் செலவழித்திருந்தது என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த பாதிப் பேரில் சிலர் அதற்காகவே கோபப்பட்டார்கள்.

நான் அந்தப் பழுப்பின் ரசிகன்.

வட கரோலினா மாநிலத்தில், கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, மணல் பூமி ஒன்று இருக்கிறது. சிவப்பை மட்டும் கழித்துவிட்டால் நம் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு நினைவுக்கு வரும். பெய்த மழை மேலே நிற்காது. நெட்டைப் பைன் மரங்களை எண்ணெய்க்கும் பலகைக்குமாக வெட்டித் தீர்த்துவிட்ட அந்த நிலத்தை, சோடா எந்திர வியாபாரத்தில் பணம் பார்த்த ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ் என்ற பாஸ்டன்காரர் 1895இல் ஏக்கர் ஒரு டாலர் வாக்கில் வாங்கினார். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவர்கள் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ள ஓர் ஊரை எழுப்பினார். அதுதான் பைன்ஹர்ஸ்ட். அங்கே இன்று பல கோல்ஃப் மைதானங்கள் உண்டு. பந்தயங்களால் பேர் பெற்றதும், 2014 பந்தயம் நடந்ததும் இரண்டாம் எண் மைதானம். அதை எல்லோரும் ‘நம்பர் டூ’ என்றே சொல்கிறார்கள்.

அதை அமைத்தவர் டொனால்ட் ராஸ். ஸ்காட்லாந்தின் வடபகுதியில், டோர்னாக் என்ற கடலோர ஊரில் 1872இல் பிறந்தவர். தச்சு வேலை தெரியும், கோல்ஃப் மட்டை செய்யத் தெரியும், புல் வளர்க்கத் தெரியும், ஆடவும் தெரியும். 1900இல் பைன்ஹர்ஸ்ட் வந்து சேர்ந்தார். நம்பர் டூவின் 18 குழிகளும் 1907இல் ஆட்டத்துக்குத் தயாராயின. பிறகு அமெரிக்கா முழுவதும் சுமார் 400 மைதானங்களை வடிவமைத்தார், பலவற்றுக்கு வரைபடம் அனுப்பிவைத்ததோடு சரி. இதை மட்டும் விடவில்லை. மூன்றாம் குழிக்கு அருகில் வீடு கட்டிக்கொண்டு, 1948இல் சாகும்வரை இங்கே ஒரு மேடு, அங்கே ஒரு பள்ளம் என்று தட்டிக்கொண்டே இருந்தார். குழி இருக்கும் ‘கிரீன்’ என்கிற பகுதி இங்கே 1930களின் நடுப்பகுதி வரை புல்லே இல்லாமல் கெட்டித்த மணலாகத்தான் இருந்தது. 1936இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் வருகிறது என்றதும் அவற்றைப் புல்லாக மாற்றியவரும் அவரே. அப்படியென்றால், எந்த வருடத்து நம்பர் டூ அசல்? 1907ஆ, 1936ஆ, 1948ஆ? இந்தக் கேள்வியைப் பிறகு பார்ப்போம்.

ராஸ் காலத்து மைதானம் எப்படித் தொலைந்தது என்ற கதையில் வில்லன் யாரும் இல்லை. அவர் இருந்தவரை ஃபேர்வே எனப்படும் நடுப்பாதைக்கு மட்டும்தான் தண்ணீர். அதைத் தாண்டினால் மணல், சருகு, காட்டுப்புல். அவர் போன பிறகு நீர்ப்பாசனக் கருவிகள் மலிந்தன. தண்ணீர் போன இடமெல்லாம் பெர்முடா புல் போனது. வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி வந்து, ஆண்டுதோறும் மாஸ்டர்ஸ் பந்தயம் நடக்கும் அகஸ்டா மைதானத்தைக் கண்கூசும் பச்சையில் காட்டியது. கோல்ஃப் என்றால் அதுதான் என்று ஆட்டக்காரர்களும் நம்பினார்கள், காசு கொடுக்கும் விருந்தாளிகளும் நம்பினார்கள். 1970களிலிருந்து நம்பர் டூவிலும் மரத்தடி வரைக்கும் பச்சை விரித்தார்கள். பெரிய பந்தயம் வரும்போதெல்லாம் ஃபேர்வேயைக் குறுக்கி, இருபுறமும் ‘ரஃப்’ என்ற அடர்ந்த புல்லை வளர்த்தார்கள். ஓரங்கள் ஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி நேராகிவிட்டன.

அந்தப் பச்சை நம்பர் டூவிலும் நல்ல பந்தயங்கள் நடந்தன, அதை மறைப்பதற்கில்லை. 1999 யு.எஸ். ஓப்பனில் பெய்ன் ஸ்டூவர்ட் கடைசிக் குழியில் 15 அடி தூரத்துப் பந்தை உள்ளே தள்ளி ஃபில் மிக்கல்சனை ஒரே அடி வித்தியாசத்தில் வென்றது இங்கேதான். சில மாதங்களில் அவர் விமான விபத்தில் இறந்துபோனார், இன்று அந்த இடத்தருகே அவருக்குச் சிலை நிற்கிறது. 2005இல் நியூசிலாந்தின் மைக்கேல் கேம்ப்பெல், டைகர் வுட்ஸை இரண்டு அடி வித்தியாசத்தில் பின்தள்ளினார். மைதானம் தோற்றுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அதைப் பெயர்த்துப்போட எடுத்த முடிவைத் துணிச்சல் என்கிறேன். ஓட்டையான கூரையைப் பிரிக்க யாரும் யோசிக்கமாட்டார்கள். ஒழுகாத கூரையைப் பிரிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

2010இல் வேலையை ஏற்றவர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும். கிரென்ஷா இரண்டு முறை மாஸ்டர்ஸ் வென்றவர், கோல்ஃப் வரலாற்றில் ஊறியவர். கூர் வட கரோலினாக்காரர், சிறுவயதில் நம்பர் டூவில் ஆடியவர். பச்சை விரிப்பதற்கு முந்தைய மைதானம் அவர் கண்ணிலேயே இருந்தது. ஆனால் நினைவை நம்பி மண்ணைத் தோண்ட முடியாது. ஊர் நூலகத்தோடு இருக்கும் டஃப்ட்ஸ் ஆவணக் காப்பகத்தில் பழைய படங்கள் கிடைத்தன. அவற்றைவிடப் பெரிய புதையலாக வந்தது 1943 கிறிஸ்துமஸ் நாளில் ராணுவ விமானத்திலிருந்து எடுத்த படம். போர்க்காலத்தில் ராணுவத் தேவைக்காகப் பிடித்த வான்படம், கோல்ஃபுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ராஸ் உயிரோடு இருந்த காலத்து மைதானம் அதில் மேலிருந்து முழுசாகத் தெரிகிறது. ஃபேர்வே எவ்வளவு அகலம், மணல் எங்கே உள்ளே புகுகிறது, பங்கர் எனும் மணற்குழிகள் எந்த வடிவம் என்று எல்லாமே இருந்தது.

படம் இருந்தும் ஒரு சிக்கல் மிச்சம். படத்தில் தெரிகிற கோட்டைத் தரையில் எங்கே வைப்பது? இதற்குப் பதில் மண்ணுக்குள்ளேயே இருந்தது. இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடமும் அதுதான். ராஸ் காலத்தில் ஒவ்வொரு ஃபேர்வேயின் நடுவிலும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய் ஓடியது. அதில் வரிசையாகத் தெளிப்பான்கள். தெளிப்பான் எவ்வளவு தூரம் எறிகிறதோ அவ்வளவு தூரம் புல் பிழைக்கும். அதற்கப்பால் போகப் போகப் புல் மெலிந்து, வெளுத்து, மணலில் கரையும். ஃபேர்வேயின் ஓரத்தை யாரும் பென்சிலால் வரையவில்லை, தண்ணீர் வரைந்தது. ஆகவே அது நேர்கோடாக இருக்க வழியே இல்லை. வட்டமும் வட்டமும் முட்டுகிற இடத்தில் உள்வாங்கி, மறுபடி வெளியே வந்து, அலை அலையாகப் போகும். அந்தப் பழைய குழாய்கள் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. கூரும் கிரென்ஷாவும் அவற்றைத் தேடிப் பிடித்தார்கள். குழாய் போன வழி ராஸின் நடுக்கோடு, அதிலிருந்து இருபுறமும் அளந்தால் ராஸின் ஃபேர்வே.

பிறகு அவர்கள் செய்ததை மற்ற மீட்டெடுப்பு வேலைகளிலிருந்து தனித்து நிறுத்துவேன். பழைய ஓரத்தைக் கண்டுபிடித்து அதைச் சுண்ணாம்பு போட்டுக் குறித்து, நவீனக் கருவிகளால் அப்படியே பராமரித்திருக்கலாம். அது நகல் எடுப்பது. இவர்கள் அந்த ஓரத்தை உண்டாக்கிய ஏற்பாட்டையே திரும்பக் கொண்டுவந்தார்கள். சுமார் 1,150 தெளிப்பான்கள் இருந்த இடத்தில் 450 அளவுக்கே விட்டுவைத்து, மற்றதைப் பிடுங்கினார்கள். நடுவே ஓடும் வரிசைக்கே பெரும்பாலும் தண்ணீர். சுமார் 35 ஏக்கர் பெர்முடா புல்லை உரித்தெடுத்து மணலைத் திறந்துவிட்டார்கள். வெயில் கொளுத்தினால் ஓரம் உள்வாங்கும், மழை பெய்தால் வெளியே படரும். இந்த வருடம் இருந்த ஓரம் அடுத்த வருடம் இராது. ராஸின் கோட்டைவிட ராஸின் வழக்கத்தை மீட்டார்கள் என்று சொல்லலாம். தண்ணீர்ச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது ஒரு கூடுதல் லாபம், ரசனைக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை.

திறந்துவிட்ட மணலில் வயர்கிராஸ் என்ற புல்லை நட்டார்கள், கையால், ஏறக்குறைய 2 லட்சம் நாற்றுகள். முழங்கால் உயரத்துக்குக் கொத்தாக நிற்கும், இலை கம்பியாய் மெலிந்திருக்கும். நெட்டைப் பைன் காடுகளுக்கு அடியில் காலம் காலமாக வளர்வது. காட்டுத்தீ வந்து எரித்துப் போனால்தான் நன்றாகப் பூத்து விதை விடும். அப்படிப்பட்ட முரட்டுப் பிறவியை நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டியிருந்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காட்டைப் பராமரிப்பதற்கும் ஆள் வேண்டும். களை மண்டினால் பிடுங்க வேண்டும், எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று தெரிய வேண்டும்.

ஆட்டத்தில் இதனால் என்ன மாறியது? ரஃப் என்பது தண்டனை, அதுவும் எல்லோருக்கும் ஒரே தண்டனை. பந்து அடர்ந்த புல்லில் புதைந்தது, கட்டையான மட்டையை எடு, வெளியே தள்ளு, அவ்வளவுதான். பார்ப்பவருக்கும் அலுப்பு. மணலில் போன பந்து என்ன ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. வெறும் மணலில் சுத்தமாக உட்கார்ந்திருக்கலாம், வயர்கிராஸ் கொத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம், சருகின் மேல் தொட்டால் உருளும் நிலையில் நிற்கலாம். ஆட்டக்காரர் நடந்து போகிற அந்த அரை நிமிடம் முழுக்க அவர் முகத்தைக் கேமரா காட்டும். பந்தைக் கண்டதும் முகம் மாறுவதைப் பாருங்கள், அடி விழுவதற்கு முன்பே பாதி நாடகம் முடிந்திருக்கும். ஃபேர்வேயும் அகலமானது. அகலமானால் எளிதுதானே என்று தோன்றும். இங்கே அகலத்தில் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதே கேள்வி, ஏனென்றால் கிரீன் அப்படி.

நம்பர் டூவின் கிரீன்களை ஆமை முதுகு என்பார்கள். நடுவில் உயர்ந்து எல்லாப் பக்கமும் சரியும். தவறான கோணத்திலிருந்து வருகிற பந்து கிரீனில் விழும், ஒரு கணம் நிற்பதுபோல் தயங்கும், பிறகு மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, சரிவில் வேகம் பிடித்து, 20 கஜம் தள்ளி ஒரு பள்ளத்தில் போய் நிற்கும். டோர்னாக்கின் மேட்டுக் கிரீன்களைப் பார்த்து வளர்ந்தவரின் கைவண்ணம் இது என்பார்கள். ஆனால் இவ்வளவு மேடும் ராஸ் செய்தது என்று சத்தியம் செய்ய முடியாது. புல்லைச் சமன்படுத்த ஆண்டாண்டாகத் தூவிய மணல் நடுவில் ஏறி ஏறி மேட்டைக் கூட்டியிருக்கிறது. போதாக்குறைக்கு ராஸ் காலத்துப் புல் மெதுவானது. இன்றைய ஒட்ட வெட்டிய புல்லில் அதே சரிவு இரண்டு மடங்கு குரூரம்.

அசலுக்குத் திரும்புவதுதான் நோக்கமென்றால் இந்த மேடுகளைச் சீவியிருக்க வேண்டும். சீவவில்லை. ஒன்றிரண்டு கிரீன்களில் லேசாகக் கை வைத்ததோடு விட்டுவிட்டார்கள். பந்தை அடிக்கத் தொடங்கும் டீ மேடைகளைப் பின்னால் தள்ளி மொத்த நீளத்தை 7,500 கஜத்துக்கு மேல் கொண்டுபோனார்கள், ராஸ் கனவிலும் காணாத நீளம். ஆக, ஃபேர்வே 1943, கிரீன் காலம் செய்தது, நீளம் நேற்றுப் போட்டது. இதைப் போலித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆமை முதுகு இல்லாத நம்பர் டூவை இன்று யாரும் நம்பர் டூ என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பச்சை விரிப்பு இன்னொரு ஊரைப் பார்த்துப் போட்ட வேஷம், அதனால் கழற்றினார்கள். மேடு இதே மண்ணில் தானாக ஏறியது, அதனால் விட்டார்கள். எதைக் கழற்றுவது, எதை விடுவது என்பதை ஆவணம் சொல்லாது, ருசிதான் சொல்லும். 1943 படத்தில் இருந்ததையெல்லாம் அட்சரம் பிசகாமல் கொண்டுவந்திருந்தால் அருங்காட்சியகம் கிடைத்திருக்கும். பந்தயத்துக்கு ஆள் வந்திருக்கமாட்டார்கள்.

2014இல் ஜெர்மனியின் மார்ட்டின் கைமர் முதல் இரண்டு நாளும் 65, 65 என்று அடித்து, கடைசியில் எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். கிரீனுக்கு வெளியே பள்ளத்தில் கிடந்த பந்துகளைத் தூக்கி அடிக்காமல் பட்டர் என்ற உருட்டு மட்டையால் தரையோடு உருட்டியே மேலே ஏற்றினார். சுற்றிலும் ரஃப் இருந்திருந்தால் அந்த வித்தையே நடந்திராது. மறுவாரமே அதே மைதானத்தில் பெண்கள் ஓப்பன், மிஷெல் வீ வென்றார். இரண்டும் அடுத்தடுத்து ஒரே இடத்தில் நடந்தது அதுதான் முதல் முறை.

2024 இன்னும் மேல். ரோரி மெக்கில்ராய் கடைசி மூன்று குழிகளில் பந்தைக் குழிக்குள் உருட்டும் ‘பட்’ அடிகளில் இரண்டு குட்டியானவற்றைத் தவறவிட்டார், நான்கடிகூட இல்லாத தூரங்கள். பிரைசன் டிஷாம்போவுக்குக் கடைசிக் குழியில் முதல் அடி இடது பக்கம் மணல்காட்டுக்குள் போய், மரக்கிளையும் வேரும் தடுக்கிற இடத்தில் நின்றது. முழுதாக மட்டையைச் சுழற்ற இடமில்லை. தள்ளிவிட்டதில் பந்து பங்கரில் விழுந்தது, குழிக்கு 55 கஜம். அந்தத் தூரத்துப் பங்கர் அடியைக் கோல்ஃப்காரர்கள் எல்லாரும் சபிப்பார்கள். பக்கத்தில் இருந்தால் மணலைத் தெறிக்கவிட்டுத் தூக்கலாம், தூரத்தில் இருந்தால் பந்தை மட்டும் சுத்தமாக அடிக்கலாம், இது இரண்டும் கெட்டான். அவர் அடித்த பந்து ஆமை முதுகின் முன்பக்கத்தில் விழுந்து உருண்டு, குழிக்கு நான்கடிக்குள் நின்றது. அதை உள்ளே தள்ளி ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். பழைய பச்சை மைதானத்தில் அந்த முதல் அடி ரஃபில் புதைந்திருக்கும், வெளியே தள்ளியிருப்பார், யாருக்கும் நினைவிருக்காது.

2029இல் ஆண்கள் ஓப்பனும் பெண்கள் ஓப்பனும் மறுபடி அடுத்தடுத்த வாரங்களில் நம்பர் டூவுக்கு வருகின்றன. அதன் பிறகும் 2035, 2041, 2047 என்று தேதி குறித்து வைத்திருக்கிறார்கள். யார் வெல்வார் என்ற பந்தயம் மற்றவர்களுக்கு. நான் முதல் நாள் காலை, பந்தைத் துரத்தாமல் கேமரா மேலே போய் மைதானத்தைக் காட்டும்போது ஃபேர்வேயின் ஓரத்தைத்தான் பார்ப்பேன். அலை அலையாக இருந்தால் குழாயிடம் விட்டிருக்கிறார்கள். நேராக இருந்தால் யாரோ அழகுபடுத்தத் தொடங்கிவிட்டார்கள்.