யாரோடு வாழ்கிறாள் என்பதை வைத்தா?

தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ 1998இல் இந்தியாவில் திரையிடப்பட்டபோது மும்பையிலும் தில்லியிலும் திரையரங்குகள் தாக்கப்பட்டன. எதிர்த்தவர்களுக்கு அது லெஸ்பியன் படம். ஆதரித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அது தனிமையில் வாடும் மனைவிகளின் கதை. ராதாவும் சீதாவும் ஆண், பெண் இருவரையும் விரும்பக்கூடியவர்களாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்த இரண்டு வாசிப்பிலும் இடமில்லை.

படத்திலும் இடமில்லை. ராதாவின் கணவன் சாமியார் பேச்சைக் கேட்டுப் பிரம்மச்சரியம் காக்கிறான். சீதாவின் கணவனுக்கு வேறொரு காதலி. ஆண் கைவிட்டதால்தான் இவள் பெண்ணிடம் வந்தாள் என்று காரணம் சொல்லிவிட்டால், அந்த ஆசை அவளுடையதாக இருப்பதில்லை. கணவன் விட்ட குறையாகிவிடுகிறது.

ஷோனாலி போஸின் ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’ (2014) அந்தச் சொல்லையே உச்சரிக்கிறது. பெருமூளை வாதத்தோடு வாழும் லைலா (கல்கி கோச்லின்) தான் ‘பை’ என்று அம்மாவிடம் சொல்கிறாள். அம்மாவாக வரும் ரேவதியின் காதில் அது ‘பாய்’ என்று விழுகிறது. வீட்டுவேலை செய்யும் பெண்ணை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நானும் நாள் முழுக்கச் சமைத்துச் சமைத்து அதுவாகத்தான் ஆகிவிட்டேன் என்கிறாள் அம்மா. நாம் சிரித்துவிடுகிறோம். ஆனால் மகளின் ஆசை, தாயின் உழைப்பு இரண்டுமே அந்த வீட்டில் அதுவரை யார் கண்ணிலும் படாதவை.

இந்தப் படத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. காதலி கானுமோடு இருக்கும்போதே லைலா ஓர் ஆணோடு உறவுகொள்கிறாள். இருபாலீர்ப்பு உள்ளவர்களை நம்ப முடியாது என்ற பழைய அவதூறுக்கு இது தீனி போடுகிறது. ஆனால் முடிவில் லைலாவை யார் கையிலும் பிடித்துக்கொடுக்காமல், தனியே அமர்ந்து தன்னையே கொண்டாட விடுகிறார் இயக்குநர். துணை யாரும் அருகில் இல்லாதபோதும் அவள் இருபாலீர்ப்பு உள்ளவள்தான்.

பழவேற்காடு ஏரியோரம் பசியாவரம் போன்ற ஓர் ஊரில், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு இது பெரிய விஷயம். கணவன் இருக்கிறான் என்பதாலேயே, தோழிமேல் அவளுக்கிருந்த காதலை ‘சின்ன வயசுச் சிநேகம்’ என்று ஊர் ஒதுக்கிவிடும். நாளை அவள் ஒரு பெண்ணோடு வாழப் போனால், கணவனோடு வாழ்ந்த காலம் பொய் என்பார்கள். நம் சினிமாவும் பெரும்பாலும் அந்த ஊரைப் போலத்தான் பேசுகிறது. அடுத்த படத்தைப் பார்க்கும்போது, கடைசிக் காட்சியில் அவள் பக்கத்தில் நிற்பது யார் என்பதை மட்டும் வைத்து அவளுக்குப் பெயர் சூட்டாமல் இருப்போம்.