‘இங்கே நடக்காது!’

வாளேந்தி வருபவனை வாயிற்படியிலேயே தடுத்துவிடலாம். வாக்குக் கேட்டு வருபவனை? அவனுக்கு மாலை சூட்டி, மேளம் கொட்டி, மக்களே அரியணை வரை அழைத்துச் செல்கிறார்களே! அந்த வேதனையைச் சொல்ல எழுந்த புதினம், அமெரிக்க எழுத்தாளர் சிங்க்ளேர் லூயிஸ் 1935-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இங்கே அது நடக்காது’.

லூயிஸ், இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1930-இல் பெற்றவர். அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர். அன்று அவருடைய துணைவியாராக இருந்த டாரதி தாம்சன், ஹிட்லரை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர். அதனால் 1934-இல் ஜெர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். ஜெர்மனியில் மூண்ட தீயின் வெப்பம் லூயிசின் இல்லத்தையே எட்டிவிட்டது. “அங்கே நடந்தது, இங்கே நடக்காது” என்று அண்டை அயலார் ஆறுதல் கூறிக்கொண்டிருந்தனர். அந்த ஆறுதலைத்தான் அவர் கேலிக்குரிய தலைப்பாக்கினார்.

1936-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலே கதைக்களம். வரலாற்றில் அத்தேர்தலில் வென்றவர் ரூஸ்வெல்ட். கதையிலோ, கிளீவ்லாந்து நகரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு அவரை ஒதுக்கிவிட்டு, பஸ் விண்ட்ரிப் என்னும் செனட்டரை வேட்பாளராக்குகிறது. கட்சியின் கதவு திறந்தது. பின்னர் நாட்டின் கதவும் திறந்தது!

யார் இந்த விண்ட்ரிப்? அறிஞனல்லன், வீரனுமல்லன், நாவன்மை மிக்க நடிகன். அவனை வெறுக்கும் ஜெசப் என்ற முதிய பத்திரிகை ஆசிரியரே, அவனது பேச்சைக் கேட்டு ஒரு கணம் மயங்குகிறார் என்றால், வேலையிழந்து வாடிய மக்கள் மயங்கியதில் வியப்பென்ன? அவனுக்கு வழி சமைப்பவர் யார்? வானொலியில் வாரந்தோறும் முழங்கும் பேராயர் பிராங்! கோடிக்கணக்கான பக்தர்களை வாக்குகளாக்கி அவன் காலடியில் கொட்டுகிறார். பதவி கிடைத்ததும் விண்ட்ரிப் என்ன செய்கிறான்? அந்தப் பேராயரையே பிடித்து அடைக்கிறான். மதம் ஏறிவந்த ஏணியை அரசியல் எட்டி உதைக்கும் காட்சியைக் காண்கிறோம்.

புதினத்தின் உயிர்நிலை, விண்ட்ரிப் வெளியிடும் பதினைந்து அம்சத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுதோறும் 5,000 டாலர் வரை வருமானம் என்கிறது ஓர் அம்சம். கருநிற மக்களுக்கு வாக்குரிமை இல்லை என்கிறது மற்றொன்று. பெண்கள் வேலையை விட்டு அடுப்படிக்குத் திரும்பவேண்டும் என்கிறது வேறொன்று. நாடாளுமன்றம் ஆலோசனை கூறினால் போதும் என்கிறது கடைசி அம்சம். கவனியுங்கள் தோழர்களே! எதையும் அவன் மறைக்கவில்லை. வாக்களிப்புக்கு முன்பே அச்சடித்துக் கொடுத்தான். மக்கள் பணத்தைப் படித்தார்கள்; மற்றவற்றைப் புரட்டிவிட்டார்கள். அடுத்தவனுடைய உரிமைதானே போகிறது என்றிருந்தார்கள். பணமும் வரவில்லை, தம் உரிமையும் தங்கவில்லை. பதவியேற்ற சில நாட்களிலேயே நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிறைப்படுகிறார்கள். சிறை முகாம்கள் முளைக்கின்றன.

இத்தனையும் போற்றத்தக்கன. எனினும், குறையைச் சொல்லாத பாராட்டு, புராணப் பிரசங்கமாகிவிடும்.

ஜெசப்பின் வீட்டில் கூலிவேலை செய்பவன் ஷாட் லெடூ. விண்ட்ரிப்பின் ஆட்சியில் சீருடை அணிந்து, தன் பழைய எசமானனையே ஆட்டிப்படைக்கும் அதிகாரியாகிறான். பின்னர் அவனும் முகாமில் அடைபட்டு, கைதிகளால் எரித்துக் கொல்லப்படுகிறான். இவனை லூயிஸ் எப்படித் தீட்டுகிறார்? முரடன், சோம்பேறி, வஞ்சகன் என்று! பிறவியிலேயே கயவன் போல! ஜெசப்புக்கு மனச்சான்று தந்த ஆசிரியர், லெடூவுக்கு முரட்டுக் கைகளை மட்டும் தந்திருக்கிறார். ஆண்டுக்கணக்கில் பிறர் வீட்டுப் புல்லை வெட்டியவன் மனத்தில் என்னென்ன எண்ணங்கள் எழுந்திருக்கும்? ‘மறக்கப்பட்ட மனிதனே, உனக்காக வந்தேன்’ என்ற பொய்க்குரல் ஏன் அவனுக்குத் தேனாக இனித்தது? இந்த வினாக்களின் வாசலில் நின்றுவிட்டு, உள்ளே நுழையாமலே திரும்பிவிட்டார் லூயிஸ்.

பள்ளியில் பாடம் சொல்லும் நம்மால் இதை ஏற்க முடியவில்லை. பிறப்பிலேயே ஒருவன் தீயவன் என்றால் கல்வி எதற்கு? பகுத்தறிவுப் பிரசாரந்தான் எதற்கு? இழிவும் பசியும் மனிதனை எப்படிக் கொடியவனின் கைக்கருவியாக்குகின்றன என்று காட்டியிருந்தால், இப்புதினம் எச்சரிக்கையாக மட்டுமின்றி மருந்தாகவும் விளங்கியிருக்கும்.

ஆயினும் ஒரு நேர்மையை மறுக்கமுடியாது. சிறைப்பட்ட ஜெசப், பழியை விண்ட்ரிப் மீது மட்டும் போடவில்லை. படித்திருந்தும், அறிந்திருந்தும், நமக்கென்ன என்று சோம்பியிருந்த தம்மைப் போன்ற கண்ணியவான்களே குற்றவாளிகள் என்று தம்மையே கூண்டில் ஏற்றுகிறார். புதினம் தன் உச்சத்தை எட்டுவது அங்கேதான்.

1936 அக்டோபரில், உண்மைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, இக்கதை நாடகமாகி அமெரிக்காவின் பல நகரங்களில் ஒரே நாளில் அரங்கேறியது. அன்று வேட்பாளரைத் தேர்ந்தவர்கள் மாநாட்டுத் தலைவர்கள். 1972-க்குப்பின் அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி, மாநிலந்தோறும் கட்சி வாக்காளர்கள் பங்குபெறும் முதனிலைத் தேர்தல்களுக்கு வந்துவிட்டது. கதவு அகலமாகியிருக்கிறது, நல்லதே. ஆனால் அகன்ற கதவுக்கு அதிகக் காவல் வேண்டும். அந்தக் காவல் சட்டத்தால் மட்டும் வராது. வேட்பாளன் தரும் திட்டத்தின் பதினைந்து அம்சங்களையும் படிக்கும் கண்ணும், ஒவ்வொன்றுக்கும் “ஏன்?” என்று கேட்கும் வாயும் வேண்டும்.

2016-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் அமெரிக்கர் இந்நூலை மீண்டும் தேடித் தேடி வாங்கினார்கள். தேர்தல் முடிந்தபின் படிப்பதைவிட, முன்பே படிப்பது நலம். படியுங்கள் தோழர்களே, படித்தபின், ஒரு லெடூவைக் கண்டால் அவனிடம் பேசவும் செய்யுங்கள்!