நாளுக்கு ஒரு ஸ்டார்ட்

விஜயபுரம், நகரி, புத்தூர்ப் பக்கத்து மெக்கானிக் ஷெட்டுகளில் பழைய சான்ட்ரோவை இன்றும் பார்க்கலாம். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து 1998-இல் வந்த வண்டி. மாருதி 800 அப்போது கார்புரேட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சான்ட்ரோ பிறக்கும்போதே இன்ஜெக்டரோடு பிறந்தது. இந்த வயதான வண்டிகளுக்கு வரும் கோளாறுகளில் என்னை மிகவும் கவர்வது, காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது. அதைக் கண்டுபிடிப்பவரின் கைவேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஒரு கச்சேரி கேட்கிற சுகம்.

இந்தக் கோளாறு நாளுக்கு ஒரே ஒரு தடவைதான் முகம் காட்டும். ஒருமுறை இன்ஜின் சூடாகிவிட்டால் சாயங்காலம் வரை ஒரு குறையும் தெரியாது. அதனால் கெட்டிக்கார மெக்கானிக் முதலில் கேட்பது ஸ்பேனரை அல்ல, ஓர் இரவை. “ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க சார். நான் வர்ற வரைக்கும் யாரும் சாவியைத் தொடக் கூடாது.” அந்த ஒரு ஸ்டார்ட்டை வீணாக்காமல் காப்பதில்தான் தேர்ச்சி தொடங்குகிறது.

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. ஒரு பங்கு உள்சுவரிலேயே ஈரமாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே தொடக்கத்தில் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அம்பாசடரில் சோக்கை இழுத்து நாமே கொடுத்தோம். இன்ஜெக்டர் வண்டியில், கூலன்ட் சென்சார் சொல்வதைக் கேட்டு கம்ப்யூட்டர் கொடுக்கிறது.

காலையில் அவர் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புகிறார். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு விநாடி முனகி நிற்கிறது. அணைக்கிறார், மறுபடி ஆன். இப்படி மூன்று தடவை செய்த பிறகுதான் செல்ஃப் அடிக்கிறார். உடனே பிடித்துக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிட்டது: ராத்திரியில் லைனின் அழுத்தம் இறங்கியிருக்கிறது. ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் ஓடும் லைன் அது. இன்ஜினை அணைத்த பிறகும் அதில் ஓரளவு தங்க வேண்டும். பம்பின் ஒருவழி வால்வு விட்டிருக்கலாம், ரெகுலேட்டர் கிழிந்திருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம். ரெகுலேட்டர் இன்ஜின் பக்கமே இருக்கும் வண்டிகளில் அதன் வேக்கம் குழாயைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோகிறார். அந்தக் குழாயில் பெட்ரோல் வாசனையே இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்துவிட்டது.

பிளக்கும் பேசும். நீண்ட நேரம் செல்ஃப் அடித்தும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை, நனைந்திருந்தால் அளவுக்கு மீறி வந்த பெட்ரோல் வெள்ளம். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துச் செல்ஃப் அடித்தால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். அப்போது பிடித்தால் வெள்ளம்தான் என்று உறுதியாகும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சென்சார் சோதனை. ஸ்கேனரில் பழுது எண் எதுவும் இருக்காது. கையில் ஸ்கேனர் இருப்பதாலேயே பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். இவரோ ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் அருகருகே பார்க்கிறார். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மார்கழிக் காலையில் காற்று 20 டிகிரி, கூலன்ட் மட்டும் 70 என்றால் சென்சார் பொய் சொல்கிறது. 70 என்பது இன்ஜினுக்கு நடக்கக்கூடிய வெப்பம்தான் என்பதால் பழைய கம்ப்யூட்டர் அதை நம்பி, பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. அடுத்து மீட்டரை வைத்து ஓம் பார்க்கிறார். பரவலாகப் புழங்கும் சென்சாரில் 20 டிகிரிக்குச் சுமார் 2,500 ஓம்; 80 டிகிரியில் 300-ஐ ஒட்டி இறங்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் கிடைத்த இந்தத் தெளிவுக்கு ஈடான அழகை நான் வேறு எந்தப் பழுதுபார்ப்பிலும் கண்டதில்லை.

பம்ப், பிளக், இன்ஜெக்டர் சர்வீஸ் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றித் தரும் ஷெட்டுகளும் உண்டு. வண்டி ஓடும், எது கெட்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போகும். இவர் ஒரு காலைக்கு ஒரே பொருளைத்தான் மாற்றுவார். மாற்றிய பிறகும் வண்டியைக் கொடுக்கமாட்டார். இன்னொரு ராத்திரி நிறுத்தி, மறுநாள் முதல் செல்ஃபிலேயே பிடித்த பிறகுதான் பில் போடுவார்.