ப்னினின் மூன்று மாணவர்கள்

போன வருடம் ஒரு காரியம் செய்தேன். அப்போது அதைப் பெருமையாக நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நண்பர் ஒருவரின் மகள் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்திருந்தாள். அங்கே கலை அறிவியல் பிரிவில் என்ன பட்டம் வாங்கினாலும் ஆங்கிலம் தவிர இன்னொரு மொழியை இடைநிலை வரை படித்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட நாலு செமஸ்டர். ஆனால் ஒரு மொழி ஏற்கெனவே தெரியும் என்று தேர்வு எழுதி நிரூபித்துவிட்டால் விலக்கு. கிரெடிட் கிடைக்காது, நிபந்தனை மட்டும் நீங்கும். மிச்சமாகும் நேரத்தில் வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாம்.

"அங்கிள், நான்தான் வீட்ல தமிழ் பேசுறேனே. இதுக்குப் போய் ரெண்டு வருஷம் ஸ்பானிஷ் கிளாஸ்ல உக்காரணுமா?"

நியாயமான கேள்விதானே. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வீடியோ காலில் அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன்.

அந்தத் தேர்வு வேலை செய்யும் விதம் ஒரு பொறியாளனுக்கு உடனே பிடித்துப்போகும். அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளின் மொழித்திறனை அளக்க 1950களில் ஓர் அளவுகோலை உருவாக்கியது. அதைக் கல்விக்கூடங்களுக்கு ஏற்றபடி மாற்றி, ஆக்ட்ஃபுல் என்ற மொழி ஆசிரியர் அமைப்பு 1986இல் வெளியிட்டது. தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்று படிகள். தேர்வு என்பது அரைமணி நேரத்துக்குள் முடியும் ஓர் உரையாடல். தேர்வாளர் சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பார். வீட்டில் யார் யார், என்ன சமையல் என்று ஆரம்பித்து, மெல்லக் கேள்வியின் எடையைக் கூட்டிக்கொண்டே போவார். நாம் திணறி உடையும் இடம் வரும்வரை விடமாட்டார். அந்த இடம்தான் நம் கூரை. சர்வர் எந்தப் பளுவில் விழுகிறது என்று பார்க்க நாங்கள் லோட் டெஸ்டிங் செய்வோமே, அதே தர்க்கம்.

தர்க்கம் தெரிந்துவிட்டால் உடைப்பது சுலபம். "ஒத்த வார்த்தைல பதில் சொல்லாத, மூணு வாக்கியமாவது சொல்லு. கருத்து கேட்டா 'ஏன்னா'ன்னு ஒண்ணு சேர்த்துக்கோ. நீயும் அவங்ககிட்ட திருப்பி ஒரு கேள்வி கேளு." இவ்வளவுதான் என் பாடத்திட்டம். தேர்வன்று பாட்டி வீட்டுத் திருநெல்வேலித் தமிழில் வெளுத்து வாங்கியிருக்கிறாள். பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டபோது மட்டும் "வெதர்லாம் மாறுது, ரொம்ப கஷ்டமா இருக்கு" என்று சொல்லி உடைந்திருக்கிறாள். பரவாயில்லை, தேவையான படியை அதற்குள் தாண்டிவிட்டாள். விலக்கு கிடைத்தது. அவளுக்கு அந்த நிமிடம்வரை 'அ' எழுதத் தெரியாது. அது பேச்சுத் தேர்வு மட்டும்தான், யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் நபக்கோவின் 'ப்னின்' நாவலை மறுபடி எடுத்தேன்.

*

'லோலிடா'வின் நிழலில் நின்றுபோன சின்ன நாவல் 'ப்னின்'. 1957இல் புத்தகமாக வந்தது. ரஷ்யப் புரட்சியில் நாடிழந்து, ஐரோப்பா வழியாக அமெரிக்கா வந்து, வெயிண்டெல் என்ற கற்பனைக் கல்லூரியில் ரஷ்ய மொழி சொல்லிக்கொடுக்கும் திமோஃபெய் ப்னினின் கதை. அவருடைய ஆங்கிலம் ஊரே சிரிக்கும் ஆங்கிலம். முதல் அத்தியாயத்தில் தவறான ரயிலில் உட்கார்ந்திருப்பார். முதல் வாசிப்பில் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த முறை வேறோர் இடத்தில் நின்றுவிட்டேன். அவருடைய மாணவர் பட்டியலில்.

பட்டியல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தொடக்கநிலை வகுப்பில் மூன்றே பேர். ஜோசஃபின் மால்கின், அவளுடைய தாத்தா பாட்டி மின்ஸ்க்கில் பிறந்தவர்கள். சார்ல்ஸ் மெக்பெத், ஏற்கெனவே பத்து மொழிகளை மனப்பாடம் பண்ணிப் புதைத்துவிட்டு அடுத்த பத்துக்குத் தயாராக இருப்பவன். எய்லீன் லேன், ரஷ்ய எழுத்துகளைக் கற்றுக்கொண்டாலே 'அன்னா கரமசோவ்' நாவலை மூலத்தில் படித்துவிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவள். 'அன்னா கரேனினா'வும் 'கரமசோவ் சகோதரர்க'ளும் அந்தப் பிள்ளையின் தலைக்குள் ஒரே புத்தகம்.

நபக்கோவ் இரண்டு மூன்று வரியில் கிண்டலாகக் கடந்துபோகிறார். ஆனால் ஒருவர் ஒரு மொழிப் பாடத்தில் வந்து உட்காருவதற்கான காரணங்கள் ஏறக்குறைய முழுமையாக அதில் அடங்கியிருக்கின்றன. வேர், சேகரிப்பு, ஆசை. இந்த மூவரையும் இன்றைய பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்து தேர்வாளர் முன் உட்கார வையுங்கள். மெக்பெத் அரைமணியில் விலக்கு வாங்கிப் போய்விடுவான். ஜோசஃபின், பாட்டியோடு ரஷ்யனில் பேசி வளர்ந்திருந்தால், அவளும் போய்விடுவாள். மிஞ்சுவது எய்லீன் லேன். ஒன்றும் தெரியாதவள், புத்தகத்தின் பெயரைக்கூடக் குழப்புகிறவள், ஆனால் மூவரில் படிக்கவென்று வந்த ஒரே ஆள். நாவல் சிரிப்பது அவளைப் பார்த்து. மொழி வகுப்பு இருப்பதோ அவளுக்காக.

தேர்வு, ஒருவரிடம் இருப்பதை அளக்கிறது. அதில் தப்பில்லை. வகுப்பு என்பது ஒருவருக்கு நடப்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு என்று நாம் வைத்துக்கொண்ட சமன்பாட்டில்தான் கோளாறு.

*

இந்தக் கோளாறை நாவலின் ஆறாம் அத்தியாயத்தில் நபக்கோவ் அப்பட்டமாகக் காட்டுகிறார். ப்னினின் வேலை போகும் நிலை. அவருக்காகப் பரிந்துபேச ஹேகன், பிரெஞ்சுத் துறைத் தலைவர் ப்ளோரெஞ்சிடம் போகிறார். ப்ளோரெஞ்சுக்கு இரண்டு தகுதிகள்: இலக்கியம் பிடிக்காது, பிரெஞ்சு தெரியாது. ப்னினுக்குப் பிரெஞ்சு பேச வரும் என்று கேட்டதும் அவர் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். அப்படியானால் முதலாண்டு வகுப்புக்கு அவர் ஆகமாட்டார், ஏனென்றால் அந்த வகுப்பை எடுப்பவர் மாணவர்களைவிட ஒரே ஒரு பாடம் முன்னால் இருந்தால் போதும் என்பது ஏற்பாடு. சரி, அடுத்த நிலைக்கு? வாசிக்கவும் தெரியுமா? தெரியுமா, அப்போது அதற்கும் ஆகமாட்டார். அங்கே பேச்சுப் பதிவுகளும் கருவிகளும்தான், புத்தகத்துக்கு அனுமதி இல்லை.

எழுபது வருடத்துக்கு முந்தைய நையாண்டி. 2023இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் உலக மொழிகள் துறையை மூட முடிவெடுத்தபோது, மொழி நிபந்தனையையும் நீக்கியது. கற்க விரும்புகிறவர்களுக்கு இணையவழிச் செயலிகளைப் பரிசீலிக்கலாம் என்றும் பேச்சு வந்தது. ப்ளோரெஞ்சுக்குச் சிலை வைத்திருக்கலாம். அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் எடுத்த கணக்கெடுப்பின்படி, ஆங்கிலம் அல்லாத மொழி வகுப்புகளின் சேர்க்கை 2016இலிருந்து 2021க்குள் 16.6 சதவீதம் விழுந்திருக்கிறது. அதற்குக் காரணம் விலக்குத் தேர்வு என்று நான் சொல்லவரவில்லை. மாணவர் எண்ணிக்கை, கட்டணம், வேலைச்சந்தை என்று பல இருக்கும். ஆனால் ஐந்து பேர் இருந்தால் நடக்கும், மூன்று பேர் என்றால் மூடப்படும் என்ற நிலையில் இருப்பவை தமிழ் போன்ற சின்ன வகுப்புகள். அவற்றுக்கு இயல்பாக வரக்கூடிய பிள்ளைகள் தமிழ் வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களைத்தான் வாசலிலேயே 'உனக்குத் தெரியுமே, நீ போ' என்று திருப்பி அனுப்புகிறோம். ஒரு தலையை நானே ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இதில் ஒரு வரலாற்றுக் குறும்பும் உண்டு. 'ப்னின்' வெளிவந்த அதே 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. பயந்துபோன அமெரிக்கா அடுத்த வருடமே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்து மொழிப் படிப்புக்குப் பணத்தைக் கொட்டியது. ப்னினுக்கு மூன்று மாணவர் தேறாத ரஷ்ய மொழி திடீரென்று தேச நலன் ஆனது. ஏ.கே. ராமானுஜன் பல்லாண்டு பணியாற்றிய சிகாகோவில் தென்னாசிய மொழிப் படிப்பு வேர்பிடித்ததும் அந்தச் சட்டத்தின் பணத்தில்தான். அங்கே தமிழ் வகுப்பு கிடைத்ததற்கு ஒரு ராக்கெட்டும் காரணம். அச்சம் இருந்தபோது மொழி தேவைப்பட்டது. அச்சம் போனதும் அது கழிக்கவேண்டிய நிபந்தனை ஆனது.

*

எதிர்த்தரப்பு வாதம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் வாதமும்தான். வீட்டில் பேசும் மொழியை ஒரு பல்கலைக்கழகம் 'இதுவும் அறிவு' என்று ஒப்புக்கொள்வது சின்ன விஷயமில்லை. ஸ்பானிஷ் பேசும் குடியேறிகளின் பிள்ளைகள், தங்கள் பெற்றோரின் மொழியைப் பள்ளியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஊர் அது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவன் தெரிந்ததையே மறுபடி படிக்கவேண்டும் என்பது அநியாயம்.

நானும் இப்படி விலக்கில் போனவன். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, பயிற்றுமொழி ஆங்கிலம் என்று கல்லூரி கொடுத்த ஒரு தாளைக் காட்டி ஆங்கிலத் தேர்விலிருந்து தப்பித்தேன். அந்த ஆங்கில வகுப்பு இப்படித்தான் இருக்கும்: "இந்த நோட்ல கரன்ட் உள்ள வருது, அப்ப அது வெளிய போயாகணும்ல?" அமெரிக்காவில் இறங்கிய முதல் மாதம், அல்காரிதம் வகுப்பில் எல்லாம் புரிந்தது. கேன்டீனில் ஒரு சாண்ட்விச் வாங்கத் தெரியவில்லை. ரொட்டியில் ஐந்து வகை, அவள் கேட்ட வேகத்தில் எனக்கு ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றுக்கும் "யெஸ்" சொன்னேன். என் கையிலிருந்த தாளுக்கும் என் வாய்க்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்த மாதம் நான் கற்றதை எந்தத் தாளும் தந்திருக்காது. ஒன்றும் தெரியாதவனாக, கூனிக்குறுகி, இன்னொரு மொழியின் வாசலில் நிற்பது என்ன என்று தெரிந்தது. ப்னினைப் பார்த்துச் சிரிப்பதை அப்போதுதான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நாவல் இதை அறிந்தே வைத்திருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் ப்னின் ரஷ்ய நண்பர்களோடு ஒரு கோடை வீட்டில் இருக்கிறார். அங்கே அவர் கோமாளி இல்லை. டால்ஸ்டாய் நாவலின் காலக்கணக்கை அலசுகிறார், கிராக்கே விளையாட்டில் எல்லாரையும் தோற்கடிக்கிறார். மொழி மாறியதும் மனிதரே மாறிவிடுகிறார். வெயிண்டெல்லில் அவரை அளந்துகொண்டிருந்தவர்களுக்கு இந்த ப்னினைத் தெரியவே தெரியாது. நாவலைச் சொல்லும் குரல் யாருடையது என்பதும் போகப்போகத்தான் வெளிப்படுகிறது: சரளமான ஆங்கிலம் கொண்ட இன்னொரு ரஷ்யர், ப்னின் விலகும் கல்லூரிக்கு வேலைக்கு வருகிறவர். அதாவது, எல்லாத் தேர்விலும் தேறியவர். தேறாதவரின் கதையைத் தேறியவர் சொல்கிறார். நாம் இதுவரை சிரித்த சிரிப்பு தேர்வாளரின் சிரிப்பு. நபக்கோவின் இரக்கம் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடைசியில் ப்னின் நாயோடு தன் காரில் ஊரைவிட்டுத் தப்பிக்கும்போது, சொல்கிறவரின் பிடியிலிருந்தும் தப்பித்துப் போகிறார்.

அதனால் தேர்வே வேண்டாம் என்பதில்லை. தேர்வு வெளியே போகும் கதவைக் காட்டுவதற்குப் பதில், எந்த வகுப்புக்குள் நுழையலாம் என்று காட்டவேண்டும். பேசத் தெரிந்தவளை அரிச்சுவடி வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். பேச்சிலிருந்து வாசிப்புக்குப் போகும் வகுப்பில் உட்கார வையுங்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைகளுக்கென்றே தனி வகுப்புகள் பல பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே நடக்கின்றன. நாலு செமஸ்டர் வேண்டாம், ஒன்று போதும். பாட்டியின் தமிழிலிருந்து புத்தகத் தமிழுக்கு இடையிலுள்ள தூரம் அவ்வளவு சின்னதில்லை என்பது, 'வெதர்' என்ற சொல்லில் அவள் உடைந்தபோதே தெரிந்துவிட்டது. அது தோல்வி இல்லை, பாடம் தொடங்கவேண்டிய இடம். நாங்கள் அதைக் கூரை என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பயிற்சி கொடுத்ததே நான்தான். போன மாதம் ஊருக்கு வந்திருந்தாள். பாட்டி வீட்டு அலமாரியில் பைண்டு பண்ணிய பழைய தொடர்கதைத் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். படங்களை மட்டும்தான் பார்க்க முடியும். கொஞ்ச நேரம் கழித்துத் தலைநிமிர்ந்து கேட்டாள்.

"அங்கிள், இந்த எழுத்தெல்லாம் கத்துக்க எவ்ளோ நாள் ஆகும்? கத்துக்கிட்டா 'பொன்னியின் சபதம்' படிச்சிடலாமா?"

பெயரைத் திருத்த வாயெடுத்தேன். எய்லீன் லேன் ஞாபகம் வந்தது. "படிச்சிடலாம்மா" என்றேன். அன்று சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு நாலுகோடு நோட்டு வாங்கினோம்.