சுவிட்ச் காலடியில் இருக்கட்டும்

மரச்சிற்பத்துக்கு மெஷின் கேட்டால் கடைக்காரர் முதலில் வாட்ஸ் சொல்வார், அடுத்து ஆர்.பி.எம். சொல்வார். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று சொல்லவே மாட்டார். நகைப் பட்டறைகளில் கொக்கியில் தொங்குமே, ஃபிளெக்சிபிள் ஷாஃப்ட் மோட்டார், அதைச் சில மாதங்களாக வாகைப் பலகையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்னை மயக்கியது மோட்டார் அல்ல, கீழே கிடக்கும் கால் பெடல்.

கைக்கு அடக்கமான ரோட்டரி டூல் 35,000 சுற்று வரை போகும். போகட்டும். பூவிதழின் விளிம்பில் மெதுவாகவும், பின்புலத்தைத் தோண்டும்போது வேகமாகவும் பர் (மரத்தை அராவும் பல்முனை) சுழல வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேலையை நிறுத்தி, கட்டைவிரலால் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருக்க முடியுமா? பெரும்பாலும் அதிக வேகத்திலேயே விட்டுவிடுவோம். மரம் கருகும், பர்ரின் பல்லில் பிசின் அப்பிக்கொள்ளும். பெடலில் அந்த வம்பு இல்லை. பர் துள்ளப் பார்க்கும்போதே கால் தானாகத் தளர்ந்துவிடுகிறது. இரண்டு கையும் வேலையிலேயே இருக்கின்றன.

நம் ஊரில் இதைவிடப் பெரிய காரணம் கரண்ட். நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த கார்விங் டிஸ்க் மாட்டி வேலை செய்கிறீர்கள், கரண்ட் போகிறது. ஸ்லைடு சுவிட்ச் 'ஆன்' நிலையிலேயே நிற்கிறது. மெஷினை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், கரண்ட் வந்ததும் அது தானே கிளம்பும். இதைத் தடுக்கும் ரீஸ்டார்ட் பாதுகாப்பு சில மாடல்களில் உண்டு; அது இல்லாத கிரைண்டரை மரத்துக்கு வாங்கவே வேண்டாம். செயின்சா சங்கிலி கோத்த டிஸ்க்கோ, எந்த கிரைண்டரிலும் வேண்டாம். பெடலில் கால் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. ஷாஃப்டைக் கூர்மையாக வளைத்தால் சூடேறும், நாளடைவில் உள்கம்பி அறும். அதனால் மோட்டாரை உயரமாகத் தொங்கவிட வேண்டும். அவ்வப்போது கிரீஸ் கேட்கும். சக் சாவி இருக்கிறதே, கட்டைவிரல் அளவு, மரத்தூளில் விழுந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதை ஏன் கயிறு கட்டி விற்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. 6 மி.மீ. தண்டுள்ள பெரிய பர் வழக்கமான கைப்பிடிக்குள் நுழையாது. அதற்கு டை கிரைண்டர் வசதி. ஆனாலும் உருவத்தை வெட்டி எடுக்க உளியும் கொட்டாப்புளியும் போதும் என்பது என் கட்சி.

காசு இருந்தால் அமெரிக்க ஃபோர்டம் எஸ்ஆர்: 18,000 சுற்று, பின்பக்கமாகவும் சுழலும். மர ரேகை எதிர்த்து நிற்கும் இடத்தில் அந்தப் பின்சுழற்சிதான் கைகொடுக்கும். வாகைத்தூள் தும்மலைக் கிளப்பும், முகக்கவசத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

எதை வாங்கினாலும் கடையிலேயே பெடலை அழுத்திப் பாருங்கள். மலிவு பெடல்கள் சும்மா கிடந்து, சட்டென்று பாதி வேகத்துக்குத் தாவும். லேசாக மிதித்தால் பர் ஊர்ந்து கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால், கடைக்காரர் முகம் சுளித்தாலும், அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.